தாரிங்காவின் சிவப்புப் புள்ளி

என் மனைவி தாரிங்கா ஒரு பொறாமைக்காரி. இதை நான் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், தட்டும் பறந்திருக்கிறது. புனிதர்கள் திருநாளில் கல்லறைக்குப் போனால், செத்துப்போன அம்மாவுக்கு ஜெபம் சொல்வதற்கு முன் பக்கத்துக் கல்லறைகளின் சாமந்திப் பூக்களை ஓரக்கண்ணால் ஒரு சுற்று பார்த்துவிடுவாள். அவை எங்களுடையதைவிடக் கொழுத்திருந்தால் அன்று வீட்டில் சூப்பில் உப்பு இருக்காது. என் தங்கை செய்கிற வால்நட் சுருள் ரொட்டி நன்றாக உப்பி வந்தால், "கடையில வாங்கினதா இருக்கும்" என்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கவில்லை. அது துப்பாக்கி. பகலில் மஞ்சள் தபால் வண்டி ஓட்டுகிறாள். கோச்செவ்யே காடுகளுக்கு உள்ளே இருக்கிற எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கள் வேட்டைக் குழுவில் முதன்முதலாகச் சேர்ந்த பெண் அவள்தான். ஆரம்பத்தில் ஆண்கள் அவளை 'தபால்' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே அவள் ஓடுகிற பன்றிகளை விழுத்தத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் துப்பாக்கி தொடுவதில்லை. விரட்டு வேட்டையில் கம்பை எடுத்துக்கொண்டு, புதரைத் தட்டி, 'ஹோப் ஹோப்' என்று கத்திப் பன்றியைக் கிளப்புகிறவர்களில் நான் ஒருவன். வீட்டில் கத்துவது அவள், காட்டில்தான் என் முறை.

எங்கள் காட்டில் 'வாசல்' என்று ஓர் இடம் உண்டு. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கணவாய். பீச் மரக் காட்டிலிருந்து கிளம்புகிற பன்றி அந்த வழியாகத்தான் ஓடியாக வேண்டும். மேலே ஒருவர் நிற்பார், அது மேல் வாசல். பாறை திரும்புகிற இடத்தில், கீழே, மறைவாக இன்னொருவர் நிற்பார், அது கீழ் வாசல். மேலே தப்பியது கீழே போகும். ஆனால் மேலே தாரிங்கா நிற்கும்போது எதுவும் தப்பாது என்பதால், கீழ் வாசல் கிடைத்தவனுக்குத் தின்றுகொண்டு நிற்பதைத் தவிர வேலை இல்லை, அவனைப் பார்த்து "சாண்ட்விச் எடுத்துட்டுப் போனியா?" என்று கேலி செய்வார்கள். வேட்டைத் தலைவர் லுட்விக் ஒவ்வொரு சீசனும் மேல் வாசலை யோசிக்காமல் அவளுக்கே கொடுத்துவந்தார். தாரிங்காவுக்கு அது தேவாலயத்தில் முன்வரிசை இருக்கை மாதிரி.

அவள் துப்பாக்கியின் மேல் ஒரு சின்னச் சாமான் உட்கார்ந்திருக்கும். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கண்ணாடிச் சட்டம். அதன் வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். எதையும் பெரிதாக்கிக் காட்டாது. இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, ஓடுகிற பன்றியின் மேல் புள்ளியை வைத்து, விசையை அழுத்த வேண்டியதுதான். அதை வாங்கிக் கொடுத்தவன் அவள் தம்பி ராய்கோ. அவர்கள் அம்மா மரத்தொழிற்சாலையில் இரவுப் பணிக்குப் போனவள். ராய்கோவுக்குச் சோறு ஊட்டியது, காது கழுவியது, பள்ளிக்கு இழுத்துப் போனது எல்லாம் தாரிங்காதான். அவன் தலைநகர் லுப்லியானாவில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அந்தப் புள்ளியை வாங்கிவந்தான். அடிப்பக்கத்தில், மாட்டினால் வெளியே தெரியாத இடத்தில், ஆணியால் அக்காவின் பெயரின் முதல் எழுத்தைக் கோணலாகக் கீறியிருந்தான். அன்று தாரிங்கா அழுதாள். கேட்டால் வெங்காயம் என்பாள்.

பிறகு ராய்கோ நிவெஸைக் கல்யாணம் செய்துகொண்டான்.

நிவெஸ் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கலகலவென்று பேசுவாள், சுறுசுறுப்பு. அவளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தாரிங்காவும் தேடிப் பார்த்து, கிடைக்காமல் எரிச்சலானாள். வந்த வருஷமே நிவெஸ் வேட்டைத் தேர்வு எழுதித் தேறினாள். கல்குவாரியில் அவளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தது தாரிங்காதான். 'கை நடுங்குது, தோள் தூக்குது' என்று வீட்டுக்கு வந்து குறை சொல்வாள். நிவெஸுக்குக் கை நடுங்கவில்லை என்று சொன்ன நாளில்தான் தாரிங்காவின் முகம் கறுத்திருந்தது.

இலையுதிர்காலத்தில் ராய்கோ பெண்டாட்டிக்கு, துப்பாக்கிமேல் மாட்டுகிற தொலைநோக்கி, ஒரு ஸ்கோப் வாங்கிக் கொடுத்தான். நல்ல பசுமாடு ஒன்று வாங்குகிற விலை இருக்கும். அதை எனக்குச் சொன்னபோது தாரிங்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததில் பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று.

"அவளுக்கு அவன் புருஷன். வாங்கிக் கொடுக்கறான். உனக்கென்ன?" என்றேன்.

"எனக்கென்ன? எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமே இல்லைன்னுதானே சொல்றேன்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சீசனின் கடைசி வேட்டைக்கு முந்தைய வாரம் லுட்விக் தபால் வண்டியை வழியில் நிறுத்தி, தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். ராய்கோ போன் செய்தானாம். அக்கா ரொம்ப நாள் மேல் வாசலில் நின்றாயிற்றே, அடுத்த சீசன் நிவெஸுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டானாம்.

"நான் ஒத்துக்கல, தபாலு" என்றார் லுட்விக். "ஆனா குழுவுல நாலு பேரு அவன் பேச்சைக் கேட்டுட்டு முணுமுணுக்கறாங்க. அதனால கடைசி வேட்டையில நீ மேல, அவ கீழ. வாசல்ல யாரு பன்னியை விழுத்தறாங்களோ, அடுத்த சீசன் மேல் வாசல் அவங்களுக்கு. உன்கிட்ட வராம கீழ எது போகப்போகுது? சும்மா அவங்க வாயை அடைக்கத்தான்."

வீட்டுக்கு வந்தவள் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். "போன் பண்ணியிருக்கான், பெப்பி. எனக்கில்ல. லுட்விக்குக்கு" என்றாள் என்னிடம். நான் அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் நிவெஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எங்கள் சமையலறைக்கு வந்தாள். ராய்கோ ஊரில் இல்லை. காலி செய்த துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள். அப்பப்பா, அதற்குக் கல்யாண அலங்காரமே நடந்திருந்தது. காபிக் கோப்பை வாய் அகலத்துக்கு முன்கண்ணாடி வைத்த ஸ்கோப். அது உயரமாக உட்கார்ந்திருப்பதால் கன்னம் எட்டுவதற்குக் கட்டையில் நாடா போட்டுக் கட்டிய தோல் திண்டு. குழலுக்குக் கீழே, ஊன்றிச் சுடுவதற்கு, மடக்கிய இரண்டு கால். பின்கட்டையில் தோட்டா செருகுகிற பட்டி.

"அக்கா, சனிக்கிழமைக்கு நான் எதை வெச்சுக்கறது, எதைக் கழட்டறது? இதைத் தூக்கிட்டு நின்னா எனக்குக் கழுத்தே போயிடுது" என்றாள் நிவெஸ்.

தாரிங்கா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "முதல்ல அந்த ரெண்டு காலைக் கழட்டு. பன்னி நீ கால் ஊனற வரைக்கும் காத்துட்டு நிக்காது. தோட்டாவைக் கோட்டுப் பையில போட்டுக்கோ, கட்டையில தொங்கவிட்டா ஒரு பக்கம் இழுக்கும்."

"ஸ்கோப்பு?"

தாரிங்கா அதைத் தொட்டாள். வளையத்தைத் திருப்பினாள். உருவத்தை மூன்று மடங்கு பெரிதாக்குவதிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை வெண்ணெய்மேல் கத்தி போல வழுக்கிப் போயிற்று. ஜன்னல் வழியாக மலைமேல் இருக்கிற தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பரண்ல உக்காந்து அந்தி நேரத்துல காத்திருக்கறவனுக்கு இதை மிஞ்சினது கெடையாது" என்றாள். "மிச்சமிருக்கற வெளிச்சத்தையெல்லாம் சேத்துக் குடுக்கும். ஆனா விரட்டுக்கு இது ஆகாது. பன்னி முப்பது மீட்டர்ல குறுக்க ஓடும். நீ கண்ணாடிக்குள்ள தேடிட்டு இருப்ப."

"அப்போ உங்களுது மாதிரி சின்னப் புள்ளிதான் சரியா?"

"என்னோடதையே எடுத்துக்கோயேன். சீசன் முடியறவரைக்கும் மாத்திக்குவோம்."

எனக்குக் காபி புரையேறியது. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஓர் ஆசானும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் சொல்லும்போது அவள் கை ஸ்கோப்பை விடவே இல்லை. தம்பி பெண்டாட்டிக்குப் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்ததை ஒரு நாளாவது தன் துப்பாக்கியில் வைத்து ஊர் பார்க்க நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பொறாமையிலிருந்தும் நல்ல அறிவுரை வரும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு துப்பாக்கிகளின் முதுகிலும் ஒரே அளவு இரும்புப் பட்டைதான். பக்கத்தில் இருக்கிற கொக்கியைத் தூக்கினால் கழலும், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். தாரிங்கா புள்ளியைக் கழற்றிக் கொடுத்தபோது நிவெஸ் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்னக்கா, அடியில உங்க பேரோட எழுத்து கீறியிருக்கு?"

"பழசு" என்றாள் தாரிங்கா, அவளைப் பார்க்காமல். "எவனோ கீறினது."

மறுநாள் இருவரும் குவாரிக்குப் போய், மாற்றிய சாமான்களுக்கு ஏற்பக் குறியைச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். பன்னிரண்டு மடங்கில் வைத்து அட்டையில் சுட்ட துளைகளை ஒரே நாணயத்தால் மூடிவிடலாம். தாரிங்கா அந்த அட்டையைக் கொண்டுவந்து குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். நான் அதைத் தாண்டித்தான் பால் எடுக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அதைக் கழட்டி வெச்சுட்டு வெறும் இரும்புக் குறியோட போயேன். உன் துப்பாக்கியிலேயே பின்னால ஒரு பள்ளமும் முன்னால ஒரு மணியும் இருக்குல்ல. அது போதாதா வாசலுக்கு?"

"ஏன், பெரிய சாமான் அவளுக்கு மட்டும்தான் பொருந்துமா?"

"சரி, வளையத்தையாவது மூணுல வெச்சுக்கோ."

"கம்பு தூக்கறவன் கம்பைப் பாரு."

நான் கம்பைப் பார்த்தேன்.

ராய்கோ தாமதமாக வந்து, யாரையும் பார்க்காமல் ஓடைப்பக்கம் இருந்த தன் இடத்துக்கு நேராகப் போய்விட்டான். லுட்விக் கொம்பு ஊதினார். நாங்கள் வரிசையாக நுழைந்தோம். பனி முழங்காலுக்குக் கீழே. நாய்கள் முன்னால் குரைத்துக்கொண்டு போயின. மேல் வாசலில் அப்போது நடந்ததைத் தாரிங்கா எனக்குப் பிறகு சொன்னாள், அதுவும் ஒரே ஒரு தடவை. வளையத்தை முதலில் மூன்றில்தான் வைத்திருந்தாளாம். நின்றாள், காத்திருந்தாள். கீழே பாறைக்கு அந்தப் பக்கம் நிவெஸ் நிற்கிறாள் என்கிற நினைப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. நிவெஸுக்கு முன்னால் தான் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எதிர்ச் சரிவில் பன்றி கிளம்புகிறதா என்று பார்ப்பதற்காக வளையத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பினாள். சரிவில் ஒரு நரியின் மீசைகூடத் தெரிந்ததாம். பன்றி இல்லை.

பன்றி கிட்டத்திலிருந்தே கிளம்பி வந்தது. ஒரு பெரிய ஆண் பன்றி, புதரை உடைத்துக்கொண்டு, முப்பது மீட்டருக்கும் கிட்டே. துப்பாக்கி தோளுக்குப் போயிற்று. ஸ்கோப்புக்குள் பார்த்தால் பன்றி இல்லை, கறுப்பு முடி. கண்ணாடி முழுக்க முடி. அது தலையா, முதுகா, வாலா என்று தெரியவில்லை. பிறகு முடியும் இல்லை, ஒரு மரப்பட்டை மட்டும். துப்பாக்கியை இறக்கி வளையத்தைத் திருப்புவதற்குள் பன்றி அவளைத் தாண்டிப் பாறையைத் திரும்பிவிட்டது. சுடவே இல்லை.

கீழ் வாசலிலிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

நான் கணவாய்க்கு ஏறி வந்தபோது தாரிங்கா இன்னும் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முடிதான் தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள்.

வேட்டை முடிந்ததற்குக் கொம்பு ஊதினார்கள். பன்றியை இழுத்துவந்து வேட்டைக்குடிலுக்கு முன்னால் பைன் கிளைகளின்மேல் கிடத்தினார்கள். கூலாஷ் இறைச்சிக் குழம்பு பானையில் கொதித்தது, பிளம் சாராயம் சுற்றி வந்தது. லுட்விக் ஒரு கொப்பை ஒடித்து, ரத்தத்தில் தொட்டு, தன் தொப்பிமேல் வைத்து நிவெஸிடம் நீட்டினார். எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். எங்கள் ஊரில் முதல் பன்றி விழுத்தியவர்களுக்கு ஞானஸ்நானம் உண்டு. பன்றியின்மேல் குப்புறப் படுக்க வேண்டும். சுடக் கற்றுக்கொடுத்தவர்தான் ஞானத்தாய் அல்லது ஞானத்தகப்பன். அவர் ஒரு கம்பால் பின்பக்கத்தில் மூன்று அடி போடுவார். முதல் அடி காட்டுக்காக, இரண்டாவது விலங்குக்காக, மூன்றாவது தோழமைக்காக.

"கம்பைத் தபால்கிட்ட குடுங்க" என்றார் லுட்விக். என் கம்பைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். தாரிங்கா அதைக் கையில் எடைபார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த எனக்கு நிவெஸை நினைத்துப் பயமாக இருந்தது.

அப்போதுதான் ராய்கோ ஓடிவந்தான். பெண்டாட்டியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். அவள் துப்பாக்கியை எடுத்து, காலிதானா என்று பார்த்துவிட்டு, அதன்மேல் இருந்ததைக் கண்டு முகம் சுருக்கினான்.

"என்ன இது? நான் வாங்கிக் குடுத்தது எங்க?"

"அக்காவும் நானும் மாத்திக்கிட்டோம். வேட்டைக்கு இதுதான் சரின்னு அக்கா சொன்னாங்க. சரியாத்தான் இருந்துச்சு" என்றாள் நிவெஸ்.

ராய்கோ தோளில் வைத்துப் புள்ளியைப் பார்த்தான். "பரவாயில்லையே! கைக்கு அடக்கமா, நல்ல சாமானா இருக்கே. அக்கா, இதை எங்க வாங்கின? எனக்கும் ஒண்ணு பார்த்துச் சொல்லேன்."

நான் தாரிங்காவைப் பார்த்தேன். அவள் கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கே அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"ஆகட்டும், கூலாஷ் ஆறுது" என்றார் லுட்விக். நிவெஸ் சிரித்துக்கொண்டே பன்றியின்மேல் படுத்தாள். ராய்கோ பக்கத்தில் குனிந்து, போனில் படம் எடுக்கத் தயாரானான்.

"காட்டுக்காக" என்றாள் தாரிங்கா. கம்பு தட்டியது, நிவெஸ் "ஆ" என்றாள். வலித்திருக்காது.

"விலங்குக்காக." அதுவும் அளவாகத்தான் விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

தாரிங்கா கம்பைத் தோளுக்குமேல் ஓங்கினாள். அரைவட்டம் திரும்பினாள். மூன்றாவது அடி குனிந்திருந்த ராய்கோவின் முதுகில் பளாரென்று விழுந்தது. போன் பனிக்குள் போயிற்று.

"ஐயோ! என்னக்கா?"

"படுத்தவளுக்குத்தானே அடி? நிக்கிறவனுக்கு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றார் லுட்விக்.

"மறந்தவனுக்கு" என்றாள் தாரிங்கா.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்தார்கள். நிவெஸ் எழுந்தாள். கன்னத்தில் பைன் ஊசி ஒட்டியிருந்தது. ஒரு நொடி அக்காவைப் பார்த்தாள், ஒரு நொடி தம்பியைப் பார்த்தாள். மருந்துச்சீட்டின் கிறுக்கலையே படிக்கிறவள், இதைப் படிக்க நேரமாகவில்லை. துப்பாக்கியை வாங்கி, கொக்கியைத் தூக்கி, புள்ளியைக் கழற்றி, அடிப்பக்கத்தைப் புருஷன் மூக்குக்கு நேராகக் காட்டினாள்.

"எவனோ கீறினதுன்னு அக்கா சொன்னாங்க. அந்த எவனோ நீதானா?"

ராய்கோ அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தான். முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "முதல் சம்பளம்..." என்று முனகினான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கூலாஷ் பக்கம் நகர்ந்தார்கள்.

நிவெஸ் புள்ளியைத் தாரிங்காவிடம் நீட்டினாள். தாரிங்கா வாங்கி, கோட்டின் உள்பையில் போட்டுப் பொத்தானும் போட்டாள். நன்றி சொல்லவில்லை. பிறகு தன் துப்பாக்கியிலிருந்து பெரிய ஸ்கோப்பைக் கழற்றி, நிவெஸிடம் கொடுக்காமல், ராய்கோவின் கையில் வைத்தாள். "தூக்கிட்டுப் போ. கனமா இருக்கும்" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு லுட்விக் எழுந்து நின்று, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த சீசன் மேல் வாசல் நிவெஸுக்கு. அவள் அக்காவுக்கே விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். நிவெஸ் விட்டுக்கொடுக்கவில்லை. சிவந்துபோய், "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தாரிங்கா அவளை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

"இவளுக்கு ஒரு அடி பாக்கி இருக்கே, தபாலு" என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.

"பாக்கியாவே இருக்கட்டும். எப்பவாவது தேவைப்படும்" என்றாள் தாரிங்கா.

வீடு திரும்பும்போது தபால் வண்டியைப் போலவே எங்கள் காரையும் அவள்தான் ஓட்டினாள். மேல் வாசல் போய்விட்டதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவளைத் தேற்ற வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து, மறு கையால் கோட்டுப் பையை வெளியிலிருந்து தடவிப் பார்த்தாள்.

"பெப்பி" என்றாள். "அடுத்த சீசன் சனிக்கிழமைக்கெல்லாம் எனக்குச் சாண்ட்விச் கட்ட வேணாம்."

"ஏன், கீழ் வாசலுக்குப் போகமாட்டியா?"

"போவேன். மேல நிக்கிறவளுக்கு அவன் அந்தப் பெரிய சாமானைத்தானே திரும்பவும் மாட்டிவிடப் போறான். அவ தவறவிட்டதெல்லாம் கீழ எனக்குத்தான் வரும்."